“பழசும் ஓடும்”னு டப்பால போட்டிருந்துச்சு, ஓடுது, ஆனா யாரு தலையில? வைஃபை 6 ரவுட்டர், நாலு மாச ரிவ்யூ

வாங்கி நாலு மாசம் ஆச்சு, இப்பதான் எழுத உக்காருறேன். பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீன்ஷாட்டோட “சும்மா பறக்குது”ன்னு எழுதுற ரிவ்யூ எனக்கு ஒத்து வராது, புது போனை புது ரவுட்டருக்கு ரெண்டடி தள்ளி வச்சு டெஸ்ட் பண்ணா எதுவுமே பறக்கத்தான் செய்யும். என் வீட்டு நிலைமை வேற. புது போன் ஒண்ணு, ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு, மத்ததெல்லாம் மியூசியம். ஸ்கேனரோட சேந்த ஒரு ஜி காலத்து (2003 வாக்குல வந்த வைஃபை) பிரிண்டர், குணத்துல அதுக்கும் மூத்ததா பால்கனில ஒரு வைஃபை டெம்பரேச்சர் சென்சார், ஒரு பழைய லேப்டாப், ஒரு ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினப்ப தூக்கிட்டு வந்த நெட்வொர்க் சுவிட்ச் (கேபிள் சொருகுற பெட்டி) ஒண்ணு. எதுவும் கெட்டுப் போகல, கெட்டுப் போகாததைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. அதனால ரவுட்டர் தேடுறப்ப ஆன்டெனா எத்தனை, ஜிகாபிட் எத்தனைன்னு நான் எண்ணிட்டிருக்கல, டப்பா ஓரத்துல பொடி எழுத்துல இருந்த ஒரே ஒரு வரியைப் பாத்துதான் எடுத்தேன்: 802.11 ஏ, பி, ஜி, என், ஏசி எல்லாத்தோடயும் பேக்வர்ட் கம்பாட்டிபிள். அதாவது பழைய வைஃபை தலைமுறை அத்தனையோடயும் ஒத்துப் போகும்.

கம்பெனி பேரை வேணும்னேதான் போடல. இதே மாதிரி மெனு, இதே மாதிரி பழக்கத்தோட வேற வேற பேருல நிறைய வருது, நான் சொல்லப் போற சமாச்சாரம் பேருல இல்ல, அந்த ஒரு வரில இருக்கு.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். ரவுட்டர் ரெண்டு அலைவரிசைல (பேண்டு) பேசும், 5 கிகாஹெர்ட்ஸ் ஒண்ணு, 2.4 ஒண்ணு. 5 கிகாஹெர்ட்ஸ்ல குறையே கிடையாது, போனும் ஆபீஸ் லேப்டாப்பும் ஹால்ல இருந்தா எந்த வம்பும் இல்ல, சூடாகல, நாலு மாசத்துல தானா ரீஸ்டார்ட் ஆனதா ஞாபகம் இல்ல. ஆப் மொக்கை, ஆனா பிரவுசர்ல போற செட்டிங்ஸ் பக்கம் ஆழமா இருக்கு. அவ்வளவுதான், இந்தப் பாராவுக்கு இதுக்கு மேல மரியாதை வேண்டாம்.

பிரச்சனை 2.4ல. என் வேலை ரூம் வீட்டோட பின்பக்கம், நடுவுல ரெண்டு சுவரு, 5 கிகாஹெர்ட்ஸ் அங்க வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும், அதனால ஆபீஸ் லேப்டாப் அந்த ரூம்ல 2.4க்கு இறங்கிடும். இறங்கட்டும், இது வைஃபை 6 ஆச்சே, ஏசி மாதிரி 5ல மட்டும் இருக்குற ஆளு இல்ல, 2.4லயும் புது மொழி பேசுவானேன்னு நம்பி இருந்தேன். முதல் வாரமே வீடியோ கால்ல என் குரல் துண்டு துண்டா போகுதுன்னு எதிர்ல இருக்குறவங்க சொல்ல ஆரம்பிச்சாங்க. ஸ்பீடு டெஸ்ட் போட்டா ஓரளவு நல்லாவே காட்டுது. சப்போர்ட் சாட்ல கேட்டா ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்கன்னான், பண்ணேன், மறுபடி கேட்டா மறுபடி பண்ணுங்கன்னான்.

கடைசில செட்டிங்ஸ்ல கனெக்ட் ஆன டிவைஸ் லிஸ்ட்ல மோடுன்னு ஒரு காலம் (column) இருக்கு பாருங்க, அதுலதான் பிடிபட்டுச்சு. எல்லாருக்கும் ஏஎக்ஸ் (வைஃபை 6தான்), என், ஜின்னு இருக்க ஒரே ஒருத்தருக்கு மட்டும் “பி”. நம்ம பால்கனி சென்சார். நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு நம்பர் அனுப்புற ஆளு. அவரா இவ்வளவு பெரிய வேலை பாத்தாருன்னு எனக்கே முதல்ல நம்பிக்கை வரல.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆகணும், ஏன்னா மொத்த ரிவ்யூவும் இதுலதான் தொங்குது. 802.11பி 1999ல வந்தது, அதிகபட்சம் 11 எம்பிபிஎஸ், வசதி போதலைன்னா 1க்கு இறங்கும். 2003ல வந்த 802.11ஜி அதே 2.4ல 54 எம்பிபிஎஸ் பேசுச்சு, ஆனா பேசுற முறையே வேற, ஓஎஃப்டிஎம்னு சொல்வாங்க. பி காரனுக்கு ஓஎஃப்டிஎம் சத்தம் வெறும் இரைச்சல், யாரோ பேசுறாங்கன்னே அவனுக்கு உறைக்காது, சும்மாதானே இருக்குன்னு நடுவுல வாயைத் திறந்துடுவான், ரெண்டு பேர் பேச்சும் நாசம். இதுக்கு ஜி காரங்க கண்டுபிடிச்ச வழி என்னன்னா, ஒவ்வொரு தடவையும் பேசுறதுக்கு முன்னாடி பி காரனுக்குப் புரியுற மொழியில “கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இரு”ன்னு ஒரு அறிவிப்பு. சிடிஎஸ்னு பேரு. பி ஆளு ஒருத்தன் கனெக்ட் ஆனாலே போதும், ரவுட்டர் எல்லாருக்கும் சொல்லிடும், இனிமே அறிவிப்பு கொடுத்துட்டுதான் பேசணும்னு. அவன் பேசுறானா தூங்குறானாங்குறது கணக்கே இல்ல.

இப்ப கணக்கைப் பாருங்க, நான் பேப்பர்ல போட்டுப் பாத்துட்டு ரெண்டு தடவை சரிபாத்தேன். அந்த அறிவிப்பு வெறும் 14 பைட்டு, 112 பிட்டு. 1 எம்பிபிஎஸ்ல அனுப்புனா 112 மைக்ரோசெகண்ட். அதுக்கு முன்னாடி பி காலத்து நீளமான முகவுரை ஒண்ணு இருக்கு, பிரியாம்பிளும் ஹெடருமா சேத்து 192 மைக்ரோசெகண்ட். மொத்தம் 304. சரி, இவ்வளவு பீடிகை போட்டு அனுப்புற சரக்கு எவ்வளவு? 1500 பைட் பாக்கெட் 54 எம்பிபிஎஸ்ல சுமார் 222 மைக்ரோசெகண்ட். அதாவது சாப்பாட்டை விட இலை போடுற நேரம் ஜாஸ்தி. புது ரவுட்டருங்க பாக்கெட்டுகளைக் கட்டுக் கட்டா சேத்து ஒரே மூச்சுல அனுப்புறதால ஒரு அறிவிப்பு ஒரு கட்டுக்கே போதும், அதனாலதான் என் ஸ்பீடு டெஸ்ட் நல்லா காட்டுச்சு. ஆனா வீடியோ கால்ல குரல் போறது பொடிப் பொடி பாக்கெட், சேத்துக் கட்ட நேரம் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி இந்த 304. எங்க வலிக்கக் கூடாதோ அங்க கரெக்டா வலிக்குது.

அது போக சென்சார் தானா பேசுறப்ப அது பால்கனி கடைசில இருந்து 1 எம்பிபிஎஸ்ல இழுத்து இழுத்துப் பேசும். முழு 1500 பைட் பாக்கெட் ஒண்ணு 1 எம்பிபிஎஸ்ல போகணும்னா 12 மில்லிசெகண்ட் ஆகும், நல்லவேளை இது அனுப்புறது சின்னது. அப்புறம் பீக்கன்னு ஒண்ணு இருக்கு, “நான் இங்கதான் இருக்கேன்”னு ரவுட்டர் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கூவுறது, பி ஆளுக்கும் கேக்கணுமேன்னு அதையும் 1 எம்பிபிஎஸ்லயே கூவும். 300 பைட் பீக்கன்னு வைங்க, ஒரு கூவல் 2.6 மில்லிசெகண்ட், அதுவே காத்துல ரெண்டரை சதவீதம் காலி. இந்த ரவுட்டர்ல மெயின், கெஸ்ட், ஸ்மார்ட் டிவைஸுக்குன்னு மூணு நெட்வொர்க் பேரு வச்சிருந்தேன், மூணுக்கும் தனித்தனியா கூவல், ஏழரை சதவீதம். ஏழரைன்னதும் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஒருத்தரும் ஒரு பைட்டு டேட்டா அனுப்பாத நேரத்துலயும் இந்தச் செலவு ஓடிக்கிட்டே இருக்கு.

நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லணும். சென்சாரை ஸ்மார்ட் டிவைஸ் நெட்வொர்க்குக்குத் தனியா மாத்திட்டா மெயின் தப்பிச்சிடும்னு நினைச்சு ஒரு சாயங்காலம் பூரா அதுக்கு உக்காந்தேன். பேரு வேற, பாஸ்வேர்டு வேற, ஆனா ரேடியோ ஒண்ணு, சேனல் ஒண்ணு, காத்து ஒண்ணு. ஒரே ரூம்ல நடுவுல திரை கட்டிட்டு சத்தம் கேக்காதுன்னு நினைக்கிற கதை.

ஆனா இதே ரவுட்டர்ல பிரிண்டர் ஜி மோடுலதான் இருக்கு, அதனால ஒருத்தருக்கும் பெரிய தொந்தரவு இல்ல. ஏன்னு தேடிப் படிச்சப்பதான் இந்த ஸ்டாண்டர்டை எழுதினவங்க மேல ஒரு மரியாதையே வந்துச்சு. வைஃபை 6 பாக்கெட் ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கிறப்ப முதல் 20 மைக்ரோசெகண்ட் பழைய ஏ, ஜி மொழியிலேயே இருக்கும். அதுக்குள்ள ஒரு குட்டித் தகவல், “இது 6 எம்பிபிஎஸ் பாக்கெட், இவ்வளவு நீளம்”னு. 6 எம்பிபிஎஸ்ங்குறது பச்சைப் பொய், பின்னாடி வர்றது பல நூறு எம்பிபிஎஸ்ல வரும். ஆனா நீளத்தை எப்படிக் கணக்கு பண்ணி எழுதியிருப்பாங்கன்னா, அந்தப் பொய்யை நம்பி ஜி காரன் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பானோ அதுவும் உண்மையான பாக்கெட் முடியுற நேரமும் ஒண்ணா வரும். அவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, தெரிய வேண்டாம், எப்ப வாயைத் திறக்கலாம்னு தெரிஞ்சா போதும். 304 எங்க, 20 எங்க. பி காரனுக்காகப் பண்ணது பேச்சு நடுவுல போட்ட ஒட்டு, ஜி காரனுக்காகப் பண்ணது பேச்சோட முதல் மூச்சுலயே வச்சுத் தச்சது. டப்பால ரெண்டுக்கும் சேத்து ஒரே வார்த்தை: கம்பாட்டிபிள்.

இந்த மாதிரி நல்ல பொய் நெட்வொர்க் உலகத்துல இன்னும் இருக்கு. 2018ல வந்த டிஎல்எஸ் 1.3 ஞாபகம் இருக்கா, பிரவுசர் பூட்டு ஐகானுக்குப் பின்னாடி இருக்குறது. அது பேச்சை ஆரம்பிக்கிறப்ப வெர்ஷன் இடத்துல 1.2ன்னே எழுதும், நான் 1.3ங்குறதைத் தனியா ஒரு எக்ஸ்டென்ஷன்ல ஒளிச்சு வச்சு சொல்லும். காரணம், நடுவுல உக்காந்திருக்குற ஃபயர்வால் மாதிரி பெட்டிங்க தெரியாத நம்பரைப் பாத்தா கனெக்ஷனையே வெட்டி விட்டுச்சு. தெரியாததைக் கண்டா கண்டுக்காம தாண்டிப் போங்குறதுதான் விதி, பெட்டி செஞ்சவங்க பாதி பேரு அதைப் படிக்கல போல. இப்பல்லாம் பிரவுசருங்க வேணும்னே அர்த்தமே இல்லாத நம்பர்களைக் கலந்து அனுப்புது, எதிர்ல இருக்குறவனுக்குத் தாண்டிப் போற பழக்கம் விட்டுப் போகக் கூடாதுன்னு, அதுக்கு கிரீஸ்னே பேரு, 2020ல ஆர்எஃப்சி 8701ங்குற இன்டர்நெட் ஆவணமா வந்துச்சு. கதவுக் கீல் துருப்பிடிக்காம இருக்க அப்பப்ப ஆட்டி விடுற மாதிரி. சரி ரவுட்டருக்கு வர்றேன்.

தாண்டிப் போகத் தெரியாதவன் என் வீட்டுலயும் ஒருத்தன் இருந்தான். அந்தப் பழைய லேப்டாப் என் நெட்வொர்க் பேரையே லிஸ்ட்ல காட்டல. பக்கத்து வீட்டுக்காரங்க நெட்வொர்க்கெல்லாம் வரிசையா நிக்குது, ஆறடி தூரத்துல இருக்குற என்னோடது இல்ல. பாஸ்வேர்டு தப்புன்னாலாவது திட்டலாம், பேரே இல்லைன்னா யாரைத் திட்டுறது? விஷயம் என்னன்னா பீக்கனுக்குள்ள இருக்குற தகவல் எல்லாம் நம்பர், நீளம், சரக்குன்னு துண்டு துண்டா அடுக்கி இருக்கும். தெரியாத நம்பர் வந்தா நீளத்தைப் பாத்து அவ்வளவு பைட்டைத் தாண்டிப் போயிடலாம், 1997ல முதல் 802.11 வந்தப்ப இருந்தே அந்த அடுக்கு அப்படித்தான், பின்னாடி வரப் போறவங்களுக்குன்னே விட்ட இடம். ஆனா அந்த லேப்டாப் டிரைவர் வைஃபை 6 துண்டைப் பாத்ததும் பயந்து பீக்கனையே குப்பைல போட்டுடுச்சு. டிரைவரை அப்டேட் பண்ணதும் வந்துடுச்சு. அப்டேட் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும், போனை யூஎஸ்பில கட்டி நெட் எடுத்துதான் முடிச்சேன். ரவுட்டருக்கு இதுல ஒரு பாயின்ட் கொடுக்கணும், பேண்டு வாரியா ஏஎக்ஸை அணைக்கிற சுவிட்ச் இருக்கு, டிரைவரே கிடைக்காத லேப்டாப்பா இருந்தா அது உசிரைக் காப்பாத்தும். எல்லா ரவுட்டர்லயும் அது இருக்குன்னு எதிர்பாக்காதீங்க, வாங்குறதுக்கு முன்னாடி மேனுவலை இறக்கிப் பாத்துடுங்க.

செக்யூரிட்டி பக்கம் வந்தா, பெட்டியைப் பிரிச்சதும் வைஃபை பூட்டு முறைல பழைய டபிள்யூபிஏ2, புது டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்த டிரான்சிஷன் மோடுலதான் வருது. 2004ல வந்த டபிள்யூபிஏ2 ஆளுங்களும், 2018ல வந்த டபிள்யூபிஏ3 ஆளுங்களும் ஒரே பேருல ஒரே பாஸ்வேர்டுல உள்ள வரலாம். கேக்க நல்லா இருக்கு. ஆனா 2019ல டிராகன்பிளட்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல இந்தக் கலப்பு மோடையும் போட்டு உடைச்சாங்க. ஒருத்தன் உங்க பேருலயே டபிள்யூபிஏ2 மட்டும் பேசுற போலி ரவுட்டரை வச்சா, டபிள்யூபிஏ3 தெரிஞ்ச போனும் சில நேரம் “சரி பழசுதான் போல”ன்னு இறங்கிப் போய் கை குலுக்க ஆரம்பிச்சிடும், அவன் அதைப் பிடிச்சு வச்சு வீட்டுல உக்காந்து பாஸ்வேர்டை ஒவ்வொண்ணா ஊகிச்சுப் பாக்கலாம். வீட்டுப் பூட்டு ஸ்ட்ராங்கா போட்டுட்டு பழைய சாவியும் போடலாம்னு இன்னொரு ஓட்டை விட்டா அந்த ஓட்டைதான் பூட்டோட பலம். நான் மெயினை டபிள்யூபிஏ3 மட்டும்னு மாத்திட்டு, ஸ்மார்ட் டிவைஸ் நெட்வொர்க்கை டபிள்யூபிஏ2 மட்டும்னு வேற பாஸ்வேர்டோட விட்டேன். பிரிண்டர் கலப்பு மோடுல இருந்தப்ப தினமும் ரெண்டு தடவை காணாமப் போகும், தனியா விட்டதும் அடங்கிடுச்சு. இந்த வேலைக்குத் தனி நெட்வொர்க் உதவுது, முன்னாடி சொன்ன காத்துப் பிரச்சனைக்குத்தான் உதவாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டு இருக்குற வைஃபை 6இ ரவுட்டர்ல இந்தத் தலைவலியே கிடையாது, அந்த பேண்டுக்குள்ள டபிள்யூபிஏ3 கட்டாயம், பழைய டிவைஸ் உள்ளயே வர முடியாது. இந்த மாடல்ல 6 இல்ல.

ஒயர் பக்கம் ஒரு கூத்து. அந்த ஆபீஸ் சுவிட்சை ரவுட்டர்ல கேபிள் போட்டுச் சொருகினேன், லைட் எரிஞ்சுது, பிங் (எதிர்ல ஆள் இருக்கான்னு ஒரு சின்ன பாக்கெட் அனுப்பிப் பாக்குறது) போட்டா அருமையா வருது, ஒரு ஃபைலை காப்பி பண்ணா நத்தை கூட முந்திப் போயிடும். கேபிளை மாத்துனேன், போர்ட்டை மாத்துனேன், கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா ஸ்பீடு இன்னும் குறைஞ்சுதே தவிர ஏறல. கடைசில பாத்தா சுவிட்ச்ல அந்த போர்ட்டை யாரோ எப்பவோ 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு கையால கட்டி வச்சிருக்காங்க. ரவுட்டர் ஆட்டோல இருக்கு, அதாவது எதிர்ல இருக்குறவனோட பேரம் பேசி ஸ்பீடை முடிவு பண்ணிக்கும். எதிர்ல இருக்குறவன் பேரம் பேச வரலைன்னா சிக்னலைப் பாத்து 100ங்குறதைக் கண்டுபிடிச்சுக்கலாம், ஃபுல்லா ஹாஃபான்னு கண்டுபிடிக்க வழியே இல்ல, அப்ப ஹாஃப்னு வச்சுக்கோங்குறது விதி. ஒரு பக்கம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசலாம்னு நினைக்குது, இன்னொரு பக்கம் ஒருத்தர் முடிச்சாதான் அடுத்தவர்னு நினைக்குது. பிங் மாதிரி ஒத்தைப் பாக்கெட்டுக்குத் தெரியாது, கூட்டம் வந்தா மோதல். சுவிட்சை ஆட்டோவுக்கு மாத்துனதும் சரியாச்சு.

இதுல எனக்கு வருத்தம் என்னன்னா அந்த ஆட்டோ பேரமே அவ்வளவு அழகான வேலை. பழைய 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட்ல ஆள் உசிரோட இருக்கான்னு காட்ட 16 மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு அனுப்புவாங்க. 1995ல வந்த ஸ்டாண்டர்டுல அந்த ஒத்தைத் துடிப்பு இருந்த இடத்துல படபடன்னு ஒரு கொத்துத் துடிப்பை வச்சாங்க, அந்தக் கொத்துக்குள்ள எனக்கு இந்த இந்த ஸ்பீடு தெரியும்னு சேதி. பழைய பெட்டிக்கு அது வழக்கமான நாடித் துடிப்பு மாதிரியே தெரியும், புதுப் பெட்டிக்கு அதுல பேச்சு கேக்கும். யாரோ மெனக்கெட்டு யோசிச்சு வச்சதை “ஆட்டோவை நம்பக் கூடாது”ன்னு ஒருத்தர் கையால கட்டி வச்சுக் கெடுத்தாரு. ரவுட்டர் மேல குறை என்னன்னா போர்ட் லிஸ்ட்ல 100ன்னு மட்டும் காட்டுது, ஹாஃப்னு காட்டியிருந்தா எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சம்.

ஐபிவி6 பத்தி ரெண்டு வார்த்தை. இன்டர்நெட் அட்ரஸ் முறைல ஐபிவி4 பழசு, ஐபிவி6 புதுசு. பேக்வர்ட் கம்பாட்டிபிள்ங்குற வார்த்தையே அங்க செல்லாது, ஐபிவி4 மட்டும் தெரிஞ்ச பெட்டியும் ஐபிவி6 மட்டும் தெரிஞ்ச பெட்டியும் நேரடியா ஒரு வார்த்தை பேசிக்க முடியாது, அதனால ரெண்டையும் பக்கம் பக்கமா ஓட்டுறாங்க. ஒரு நாள் வெளில போற ஐபிவி6 செத்துடுச்சு, ரவுட்டர் மட்டும் உள்ள “ஐபிவி6 இருக்கு வாங்க”ன்னு அறிவிச்சுக்கிட்டே இருந்துச்சு. போன்ல ஒண்ணும் தெரியல, பிரவுசருங்க ரெண்டு வழியையும் கொஞ்ச இடைவெளி விட்டுப் போட்டிக்கு விட்டு முதல்ல வந்ததை எடுத்துக்கும், ஹாப்பி ஐபால்ஸ்னு பேரு. பழைய லேப்டாப்ல இருந்த ஒரு பழைய புரோகிராம் மட்டும் ஐபிவி6ஐயே கட்டிப் பிடிச்சுட்டு நிமிஷக் கணக்கா முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரவுட்டர் பண்ணினது தப்பு, சந்தேகமே இல்ல.

அடுத்தது ரொம்பக் கோவம் வந்த விஷயம். பிரிண்டரோட ஸ்கேனர் ஸ்கேன் பண்ண ஃபைலை நெட்வொர்க் ஃபோல்டர்ல போடும், ஆனா அதுக்குத் தெரிஞ்சது எஸ்எம்பி1ங்குற பழைய ஃபைல் ஷேரிங் புரோட்டோகால் மட்டும்தான். ரவுட்டர்ல யூஎஸ்பி டிஸ்க் சொருகி ஃபோல்டர் ஷேர் பண்ற வசதி இருக்கு, அதுல “பழைய டிவைஸ்களை அனுமதி”ன்னு ஒரு டிக். டிக் போட்டா எஸ்எம்பி1 திறக்கும். 2017 மே மாசம் வான்னாகிரைங்குற ரான்சம்வேர் உலகம் பூரா பரவுனது விண்டோஸோட எஸ்எம்பி1ல இருந்த ஓட்டை வழியாத்தான், அதே வருஷக் கடைசில வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்பி1 சர்வர் உள்ளயே வராது. அந்த ஓட்டை இந்த ரவுட்டர்ல இருக்குன்னு நான் சொல்லல, இது விண்டோஸே இல்ல, ஆனா அந்தக் காலத்துப் புரோட்டோகாலுக்கு என்கிரிப்ஷனும் கிடையாது ஒண்ணும் கிடையாது, வீட்டுல திறந்து வைக்க எனக்கு இஷ்டம் இல்ல. டிக்கை எடுத்துட்டு ஸ்கேனரை மெயில்ல அனுப்புற மாதிரி மாத்தப் பாத்தேன், அதுக்குத் தெரிஞ்சது டிஎல்எஸ் 1.0, அதை 2021லயே அதிகாரபூர்வமா ஓய்வு கொடுத்து அனுப்பிட்டாங்க, மெயில் சர்வர் முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்திடுச்சு. இப்ப யூஎஸ்பி ஸ்டிக்கை ஸ்கேனர்லயே சொருகி எடுத்துக்கிறேன். கோவம் அதுக்கு இல்ல. மூணாவது மாசம் ஃபர்ம்வேர் அப்டேட் ஒண்ணு வந்துச்சு, போட்டேன், ஒரு வாரம் கழிச்சு வேற எதுக்கோ உள்ள போனா அந்த டிக் தானா திரும்பப் போட்டு உக்காந்திருக்கு. நான் எடுத்த முடிவை என்கிட்ட கேக்காம மாத்தியிருக்கான். கூடவே மெயின் நெட்வொர்க்கும் கலப்பு மோடுக்குப் போயிருந்துச்சு. அப்டேட் நோட்ல எழுதியிருந்தது “கம்பாட்டிபிலிட்டி மேம்படுத்தப்பட்டது” அவ்வளவுதான்.

சப்போர்ட்ல கேட்டேன், நிறைய பேரு பழைய டிவைஸ் கனெக்ட் ஆகலைன்னு கம்ப்ளைன்ட் பண்றாங்க சார், அதனாலன்னு பதில். அந்த நியாயம் எனக்குப் புரியாம இல்ல. ஒரு பிரிண்டர் ஒட்டலைன்னா ரவுட்டர் மோசம்னு ஒரு ஸ்டார் போடுவாங்க, நாலு டிவைஸ் மெதுவானா அதுக்குக் காரணம் யாருன்னே யாருக்கும் தெரியாது, நெட் கம்பெனியைத் திட்டிட்டுப் போயிடுவாங்க. அதனால எல்லாத்தையும் திறந்து விட்டுடுறது அவங்களுக்கு லாபம். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி, இங்க மத்தளம் யாருன்னா அந்தப் பின் ரூம்ல வீடியோ கால்ல உக்காந்திருக்குற நானு. மாத்துனதைச் சொல்லிட்டு மாத்துங்கன்னு மட்டும்தான் கேக்குறேன்.

மார்க் போடுறதுன்னா 5க்கு மூணரை. சுவிட்சுகள் எல்லாம் உள்ள இருக்கு, அதுக்காகவே மூணு. பி மோடை அணைக்கிறது, ஏஎக்ஸை பேண்டு வாரியா அணைக்கிறது, நெட்வொர்க்குக்கு ஒரு செக்யூரிட்டி, ஏர்டைம் ஃபேர்னஸ், இவ்வளவும் ஒரே பெட்டில கிடைக்கிறது கஷ்டம். இதுல ஏர்டைம் ஃபேர்னஸ் போட்டா மெதுவான ஆளுக்கும் வேகமான ஆளுக்கும் பாக்கெட் எண்ணிக்கைல பங்கு பிரிக்காம நேரத்துல பங்கு பிரிக்கும், பிரிண்டர் இருக்குற வீட்டுல கட்டாயம் போடுங்க. மீதி அரை மார்க் சூடாகாததுக்கு. குறைச்சது அந்த டிக்குக்கும், டூப்ளெக்ஸ் காட்டாததுக்கும், செத்த ஐபிவி6ஐ விளம்பரம் பண்ணதுக்கும். எல்லாமே புது டிவைஸா இருக்குற வீடுன்னா இந்த ரிவ்யூவே உங்களுக்கு வேண்டாம், கண்ணை மூடிட்டு வாங்கலாம். பழசு நிறைய இருக்குற வீடுன்னா டிவைஸ் லிஸ்ட்ல அந்த மோடு காலத்தை ஒரு தடவை பாருங்க, “பி”ன்னு ஒருத்தராவது இருக்காரான்னு.

நம்ம சென்சார் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பி மோடை அணைச்சேன், பீக்கன் 6 எம்பிபிஎஸ்க்கு ஏறுச்சு, வீடியோ கால்ல குரல் தெளிவாச்சு, சென்சார் அனாதையாச்சு. தூக்கிப் போட மனசு வரலைன்னு முதல்லயே சொன்னேனே. இந்தப் புது ரவுட்டர் வந்ததும் பரண்ல ஏத்தின என் பழைய ரவுட்டரை இறக்கி, கேபிள்ல புதுசோட கட்டி, புதுசு சேனல் 11ல இருக்க இதை சேனல் 1ல வச்சு, பால்கனி கதவு ஓரமா மாட்டியிருக்கேன். ரெண்டு சேனலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது, அவர் பாட்டுக்கு அவர் மொழியில 1 எம்பிபிஎஸ்ல நிமிஷத்துக்கு ரெண்டு நம்பர் சொல்லிட்டு இருக்காரு. இதை எழுதுற நேரத்துல வெளில 29 டிகிரியாம்.